தமிழில் சொன்ன பொருத்தனை

திருச்செந்தூர்ல இருந்தா வாறீங்க அண்ணாச்சி? மொட்டையைப் பாத்துதான் கேக்கேன். சந்தனம் இன்னும் காயலை. இல்லை, ஜன்னல் பக்கம் நீங்களே இருங்க. நான் அடிக்கடி எந்திரிக்கிற ஆளு. குரும்பூர்ல ஏறினதுல இருந்து கண்டக்டர் என்னைச் சத்தம் போட்டுக்கிட்டேதான் வாறான். உக்காந்தா உக்கார முடியலை, நின்னா நிக்க முடியலை, நான் என்ன செய்ய?

பாளையங்கோட்டைக்குப் போறேன். ஆஸ்பத்திரிக்கு. என் மக பிள்ளை பெத்திருக்கா. மாசம் முடியும் முன்னாலயே பெத்துட்டா. பிள்ளையைக் கண்ணாடிப் பெட்டிக்குள்ள வச்சிருக்காங்களாம். வீட்டுக்காரி நேத்தே போயிட்டா. காலையில போன் போட்டு, "வாங்க"ன்னு ஒரு வார்த்தைதான் சொன்னா. நல்லாருக்கா இல்லையா, அதைச் சொல்லணும்லா? வச்சுட்டா. இந்த டிரைவர் என்ன இந்த உருட்டு உருட்டுதான், மாட்டு வண்டி மாதிரி.

மொட்டை யாருக்காக நேர்ந்தது? உங்களுக்கேவா? நல்லது. உங்க முடி, நீங்க நேர்ந்தீங்க, போய்க் கொடுத்துட்டு இட்லி சாப்பிட்டுட்டு வந்துட்டீங்க. உங்க பக்கம் எவ்வளவு லேசா முடிஞ்சுருது! நான் நேர்ந்தது முடியை இல்லை அண்ணாச்சி. ஆளை. எந்த மக இன்னைக்கு அங்கன படுத்துக் கிடக்காளோ அவளை.

நாங்க வேதக்காரங்க. என் பேரு ஞானதிரவியம். நாசரேத் பக்கம் ஒரு இரும்புக்கடை வச்சிருந்தேன், இப்பம் தம்பி மகன் பாக்கான். எங்க கோயில்ல ஞாயித்துக்கிழமை பழைய ஏற்பாடு வாசிக்கிறது நான்தான். புது ஏற்பாடு யாரும் வாசிச்சிருவாங்க. பழசுல மோசேயோட சட்டமெல்லாம் வரும். எந்த ஆட்டைக் கொண்டாறது, எந்தப் பக்கம் நின்னு அறுக்கிறது, ரத்தத்தை எங்க தெளிக்கிறது, கொழுப்பு யாருக்கு, தொடைக்கறி யாருக்கு. வாசிக்கையில பாதிப் பேரு தூங்கிருவாங்க. எனக்கு அதுதான் பிடிக்கும். ஒரு நெறி இருக்கு பாத்தீங்களா, அதுல. இன்னது செஞ்சா இன்னது. கடைக்காரனுக்கு அது விளங்கும்.

எப்சிபா எங்களுக்கு ஒரே பிள்ளை. எப்சின்னு கூப்பிடுவோம். நடக்கப் பழகின நேரம் அவளுக்கு மூளைக்காய்ச்சல் வந்துட்டு. இதே பாளையங்கோட்டையிலதான் சேத்தோம். டாக்டர் முகத்தைத் திருப்பிக்கிட்டாரு. பியூலா, என் வீட்டுக்காரி, உள்ள பிள்ளை பக்கத்துல இருந்தா. நான் வெளியே வேப்பமரத்தடியில நல்ல மத்தியான வெயில்ல முழங்கால் போட்டேன். "ஆண்டவரே, இந்தப் பிள்ளையைத் தந்தீருன்னா இவளை உமக்கே தாறேன், காலம் பூரா உம்ம ஊழியத்துக்கு"ன்னு சத்தமாவே சொன்னேன். சைக்கிள் ஸ்டாண்டுக்காரன் திரும்பிப் பாத்தான். சாயங்காலம் காய்ச்சல் இறங்கிட்டு. இதை எந்தக் கோர்ட்டுல வேணும்னாலும் வந்து சொல்லுவேன். இறங்கிட்டு அண்ணாச்சி!

அடுத்த ஞாயித்துக்கிழமையே கோயில்ல எழுந்திரிச்சு நின்னு சாட்சி சொல்லிட்டேன். ஊரே அல்லேலூயா போட்டுது. பியூலா மட்டும் என்னையே பாத்துக்கிட்டு இருந்தா. அவளுக்கு அங்கன வச்சுதான் தெரியும். சந்தோசத்துல பாக்கான்னு நினைச்சேன்.

நேர்ந்தாச்சுன்னா வளக்கிறதும் அப்படி வளக்கணும்லா? மோசே சட்டத்துல நசரேயன்னு ஒரு கூட்டத்தைச் சொல்லியிருக்கு. கர்த்தருக்குன்னு தன்னைப் பிரிச்சு வச்சுக்கிறவங்க. தலையில கத்தி படக் கூடாது. திராட்சை ரசம் ஆகாது, பழமும் ஆகாது, காய்ஞ்ச பழம்கூட ஆகாது. செத்த உடம்பு பக்கத்துல போகக் கூடாது, சொந்தத் தகப்பன் தாய் ஆனாலும் சரி. நான் அப்படியே பிடிச்சுக்கிட்டேன். எப்சிக்கு முடி வெட்டினதே இல்லை. முழங்காலைத் தொடும். பியூலாதான் எண்ணெய் வச்சுச் சிக்கெடுத்து ரெட்டைச் சடை போட்டு மடிச்சுக் கட்டுவா. தலை பாரம் தாங்காம பிள்ளைக்குக் கழுத்து வலிக்கும், தைலம் தேச்சு விடுவோம். கிறிஸ்மஸ் கேக்குல கிஸ்மிஸ் இருந்தா நான் உக்காந்து பொறுக்கி எடுத்துட்டுதான் அவளுக்குக் கொடுப்பேன். பொறுமையா எடுப்பேன். எந்தத் தகப்பன் செய்வான்?

பியூலாவோட அப்பா தவறினப்ப எப்சியைப் பக்கத்து வீட்டுல வச்சுப் பூட்டிட்டேன். அவரு மடியிலயே கிடந்து வளந்த பிள்ளை. கதவைப் போட்டு அடிச்சா. சட்டம்னா சட்டந்தானே, நமக்குத் தோதான நாள்ல மட்டும் வச்சுக்கிட முடியுமா?

ரயில்வே கேட்டைப் போட்டுட்டான். ரயிலு வருதா? இப்பம்தான் வரணுமா அது? இருங்க, எட்டிப் பாத்துட்டு வாறேன்.

...கண்ணுக்கெட்டின வரைக்கும் ரயிலைக் காணோம். கேட்டை மட்டும் போட்டு வச்சிருக்கான்.

எங்க விட்டேன்? ஆங். காலேஜ் முடிச்சா, கணக்குல நல்ல மார்க்கு. டீச்சர் வேலைக்குப் படிக்கேன்னா. அதெல்லாம் வேண்டாம்னு வேதாகமக் கல்லூரியில கொண்டு சேத்தேன். முதல் நாள் நானே பெட்டியைத் தூக்கிட்டுப் போனேன். அங்கன எபிரெயு மொழி சொல்லிக் கொடுத்தாங்க. அண்ணாச்சி, நான் சொல்லுதேன், எந்தப் பிள்ளையை வேணும்னாலும் எந்தப் படிப்பு வேணும்னாலும் படிக்க வைங்க. எபிரெயு மட்டும் படிக்க வைக்காதீங்க.

படிப்பு முடியப் போற வருஷம், எங்க ஊர் அசனத்துக்கு லீவுல வந்தா. அசனம்னா கோயில் சாப்பாடு. ஊரெல்லாம் கெடாவும் அரிசியும் கொண்டாந்து போட்டு, கோயில் காம்பவுண்டுலயே அடுப்பு வெட்டி, பெரிய பெரிய அண்டாவுல பொங்கி எல்லாச் சாதி சனத்துக்கும் போடுவோம். அந்த வருஷம் அசனத்தன்னைக்கு ஆராதனையில வச்சு எப்சியை ஊழியத்துக்குப் பிரதிஷ்டை பண்ணி வடக்க மிஷனரியா அனுப்புறதா ஏற்பாடு. நோட்டீஸ்ல பேரு போட்டாச்சு. என் பேரும் போட்டிருந்தாங்க, தகப்பனாருன்னு.

அதுக்கு முந்தின வாரம். மத்தியானம் சாப்பிட்டுக்கிட்டு இருக்கோம். மீன்குழம்பு. எப்சி தட்டுல கையை வச்சுக்கிட்டே திங்காம இருந்தா. பிறகு, "அப்பா, உங்களுக்கு ஒண்ணு வாசிச்சுக் காட்டட்டா?"ன்னா.

"சாப்பிட்டுட்டு வாசி."

"பொருத்தனையைப் பத்தி. ஒருத்தன் ஒரு ஆளைக் கர்த்தருக்குன்னு நேர்ந்துட்டா, அந்த ஆளுக்குப் பதிலா ஒரு மதிப்பைக் கோயில்ல கொடுத்துட்டு ஆளை வீட்டுக்குக் கூட்டிட்டுப் போகணும்னு சட்டம் இருக்கு. ஆம்பளைக்கு இவ்வளவு, பொம்பளைக்கு இவ்வளவு, கைப்பிள்ளைக்கு இவ்வளவு. ஏழையா இருந்தா ஆசாரியன் பாத்துக் குறைச்சுக்கலாம்."

"எனக்குத் தெரியாததா? நான் வாசிச்சிருக்கேன்."

"வாசிச்சீங்க. எதுக்குன்னு யோசிச்சீங்களா? அவங்களைச் சுத்தி இருந்த சனமெல்லாம் பிள்ளைகளை நெருப்புல போட்டுக்கிட்டு இருந்துது அப்பா. பிள்ளையைக் கேக்காத சாமி இதுன்னு சொல்லத்தான் ஆட்டைக் கொண்டான்னாங்க. ஆடு எதுக்கு வந்துச்சு? பிள்ளைக்குப் பதிலா வந்துச்சு. நீங்க வருஷா வருஷம் அசனத்துக்கு ஆட்டையும் கொடுக்கீங்க, என்னையும் கொடுக்கீங்க."

நானும் விடலை. "சாபத்தீடுன்னு வேற ஒண்ணு இருக்கு. அப்படி நேர்ந்ததை மீக்கவே முடியாது. அதையும் வாசி"ன்னேன்.

"அது வேற வார்த்தை அப்பா. எபிரெயுல இது நேதர், அது ஹேரெம். ரெண்டும் ஒண்ணு இல்லை. நீங்க மரத்தடியில எந்த வார்த்தையைச் சொன்னீங்க?"

"நான் தமிழ்ல சொன்னேன்!"

பியூலா சிரிச்சுட்டா. அத்தனை வருஷத்துல அவ என்னைப் பாத்து அப்படிச் சிரிச்சதே இல்லை. எனக்குச் சுருக்குன்னு ஆயிட்டு. பிடிச்சேன் ஒரு பிடி. வேதத்துல ஒரு சேனாதிபதி உண்டு அண்ணாச்சி. சண்டையில ஜெயிச்சா, என் வீட்டு வாசல்ல இருந்து எனக்கு எதிர்ல முதல்ல வாறதைப் பலி கொடுக்கேன்னு நேர்ந்துக்கிட்டான். ஜெயிச்சான். மேளம் அடிச்சுக்கிட்டு எதிர்ல வந்தது அவன் மக. ஒரே மக. அவன் வாக்கு மாறலை. அதைச் சொன்னேன். "அவன் ஆம்பளை"ன்னேன்.

எப்சி கோவப்படலை. "அந்தப் பொண்ணு பேரு என்ன அப்பா?"ன்னு கேட்டா.

"பேரு எழுதலை."

"ஆமா. எழுதலை. அவன் இந்தச் சட்டத்தை வாசிச்சிருந்தா அவளை மீட்டிருக்கலாம். வாசிக்காதவன் வாக்கு மாறாதவன்னு பேரெடுத்துட்டான்."

எந்திரிச்சுக் கையைக் கழுவிட்டுப் போயிட்டா. எதுத்தா பேசுதா, சொல்லுங்க? எதுத்துப் பேசினா ரெண்டு அதட்டு அதட்டலாம். இது மோசேயை வச்சுக்கிட்டே பேசுது.

நேரா எங்க குருவானவர் வீட்டுக்குப் போனேன். ஜோதிராஜ் ஐயர். எங்க பக்கம் பாதிரியாரை ஐயர்னுதான் சொல்லுவோம். சின்ன வயசு, நல்ல மனுசன், ஆனா பிடிமானம் கிடையாது. "ஐயரே, நேர்ந்ததை மீக்கலாமா கூடாதா, ஒரு வார்த்தையில சொல்லுங்க"ன்னேன்.

"அந்தப் பலியெல்லாம் எப்பமோ முடிஞ்சு போச்சு ஐயா. இப்பம் நாம பலி கொடுக்கலையே"ன்னாரு.

"அப்பம் அசனத்துக்குக் கெடா வெட்டுதோமே, அது என்ன?"

"அது சாப்பாடு."

இப்படிச் சொன்னா என்ன அர்த்தம்? பிறகு காபியைக் கொடுத்துட்டு, "எப்சிபாகிட்ட எப்பமாவது கேட்டீங்களா, அவளுக்கு என்ன விருப்பம்னு?"ன்னாரு. கேக்கதுக்கு என்ன இருக்கு? நடக்கப் பழகுற பிள்ளைகிட்ட நான் எப்படிக் கேக்க? அதைத்தான் சொன்னேன் அவருகிட்ட. அவரு காபி ஆறுதுன்னாரு.

அப்பாடா, ரயிலு போயிட்டு. எடு, எடு, எடு! இதென்ன, அந்தப் பக்கம் லாரிக்காரன் குறுக்க ஏத்துதான்? டிரைவர் தம்பி, ஒடிச்சு எடும்!

அசனத்தன்னைக்குக் காலையில பியூலா, "நீங்க முன்னால போங்க, நாங்க பின்னால வாறோம்"ன்னா. போயிட்டேன். வெள்ளை வேட்டி, புதுச் சட்டை. கோயில்ல மணி அடிச்சாச்சு, பாட்டு முடிஞ்சாச்சு, பாடம் வாசிச்சாச்சு. ரெண்டு பேரையும் காணோம். ஐயர் என்னைப் பாக்காரு, நான் வாசலைப் பாக்கேன். பிரதிஷ்டை இல்லாமயே ஆராதனையை முடிச்சுட்டாரு. சனமெல்லாம் வெளியே வந்து அடுப்பைச் சுத்தி நிக்கி. கறி கொதிக்கிற மணம். அப்பம்தான் காம்பவுண்டு கேட் வழியா ரெண்டு பேரும் உள்ள வந்தாங்க.

என் மக தலையில முடி இல்லை அண்ணாச்சி.

மொட்டை. உங்களை மாதிரி. வெள்ளைச் சேலை கட்டியிருந்தா. காது ரெண்டும் பெருசாத் தெரிஞ்சுது. கையில ரெண்டு சடையையும் சுருட்டி வச்சிருந்தா, கறுப்புப் பாம்பு ரெண்டு கிடந்த மாதிரி. ஒரு கிழவி, "திருச்செந்தூருக்குல்லா போயிட்டு வந்திருக்கா, ஞானதிரவியம் மக!"ன்னு சத்தம் போட்டா. நான் எங்கன போய் முகத்தை வைக்க?

அவ யாரையும் பாக்கலை. நேரா நடுவுல கொதிக்கிற அண்டாகிட்ட வந்தா. சமையக்காரங்க விலகிட்டாங்க. அடுப்பு முன்னால குந்தி உக்காந்தா. விறகுக்கு இடையில அந்தச் சடையை ஒண்ணொண்ணா உள்ள தள்ளினா. புகை வந்துது பாருங்க, முடி கருகுற நாத்தம். கறி மணத்தையெல்லாம் தூக்கிச் சாப்பிட்டுட்டு. ஊரு மூக்கைப் பொத்திட்டு நிக்கி.

பிறகு எந்திரிச்சு என் முன்னால வந்து நின்னா. "அப்பா, நசரேயனுக்கு ஒரு முடிவு நாள் உண்டு. வாசல்ல வச்சுத் தலையைச் சிரைச்சு, அந்த முடியைச் சமாதான பலி வேகுற அடுப்புல போடணும். அதோட அவன் விரதம் முடிஞ்சுது. மோசே இந்த முடிவைத்தான் நீளமா எழுதியிருக்காரு. நீங்க ஆரம்பத்தை மட்டும் வாசிச்சுட்டு நிறுத்திட்டீங்க"ன்னா. பிறகு, "தாத்தா முகத்தை நான் பாக்கலை அப்பா"ன்னா.

கை தன்னால ஓங்கிட்டு. அடிக்கலை. ஐயர் வந்து நடுவுல நின்னாரு.

நான் அப்பம் பியூலாகிட்டத் திரும்பினேன். "யாருட்டி சிரைச்சது? எந்த நாவிதன் செஞ்சான்?"ன்னேன்.

"நான்தான் சிரைச்சேன்"ன்னா. அண்ணாச்சி, என் பொஞ்சாதி. சத்தம்கூடக் கூட்டலை. "நான் எண்ணெய் வச்ச தலை. நான் பெத்த தலை. பொண்டாட்டி ஒண்ணை நேர்ந்தா, கேட்ட அன்னைக்கே புருஷன் வேண்டாம்னு சொல்லிரலாமாம், சட்டத்துல இருக்காம், எப்சி காட்டினா. புருஷன் நேர்ந்தா பொண்டாட்டி என்ன செய்யணும்னு எழுதவே இல்லையாம். அதனால நானா ஒண்ணு செஞ்சேன்."

கொதிச்சுக்கிட்டு நின்னேன். எப்சி போய்ப் பந்தியில உக்காந்துட்டா. இலை போட்டாங்க, சோறு போட்டாங்க, கறி போட்டாங்க. நல்லா சாப்பிட்டா. சாப்பிட்டு எந்திரிச்சு, கேட் பக்கத்துல பண்டிகைக் கடைக்காரன் ஒருத்தன் பழம் வச்சிருந்தான், அங்கன ஒரு கொத்து கறுப்புத் திராட்சை வாங்கினா. நின்னு ஒண்ணொண்ணாப் பிச்சுத் தின்னா. கண்ணுல இருந்து தண்ணி வழியுது, வாய் தின்னுக்கிட்டு இருக்கு. புளிப்போ என்னமோ.

நான் சாப்பிடலை. வீட்டுக்கு வந்து கதவைப் பூட்டிக்கிட்டேன்.

அதோட போயிட்டா. பாளையங்கோட்டையில ஒரு டியூஷன் சென்டர்ல கணக்குச் சொல்லிக் கொடுத்தா. ஆல்வின்னு ஒரு பையனைக் கல்யாணம் பண்ணிக்கிட்டா. பேட்டரிக் கடை, இன்வெர்ட்டர் விக்கிறது, ரிப்பேர் பாக்கிறது. கல்யாணத்துக்கு நான் போகலை. பியூலா போனா, பலகாரம் கொண்டாந்தா, நான் தொடலை. இப்பம் அவளும் அந்தக் கடையிலதான் இருக்கா. கர்த்தருக்கு நேர்ந்த பிள்ளை பேட்டரிக்குத் தண்ணி ஊத்துதா. இதைச் சொன்னா பியூலா, "ஊத்தட்டும், அவ கை, அவ பேட்டரி"ங்கா. வீட்டுல எனக்கு நியாயம் சொல்ல ஆளே இல்லாமப் போச்சு.

நான் என்ன தப்பாச் செஞ்சுட்டேன்? பிழைக்க மாட்டான்னு சொன்ன பிள்ளை. என்கிட்ட இருந்ததுலயே பெருசு எதுவோ அதைத்தானே கொடுத்தேன்? ஆட்டுக்குட்டியை நேர்ந்திருந்தா காய்ச்சல் இறங்கியிருக்குமா? நீங்க சொல்லுங்க.

எந்த ஊரு இது? செய்துங்கநல்லூரா? இன்னும் கொஞ்சம்தான்.

இருங்க, போன் அடிக்கி. அவதான். பியூலா.

ஏட்டி, சொல்லு... பஸ்ஸுலதான் இருக்கேன். கேட்டு போட்டுட்டான்... பிள்ளை எப்படி இருக்கு?... தானா மூச்சு விடுதா?... குழாயை எடுத்துட்டாங்களா?... யாரு, எப்சியா? என்ன கேக்கா?... இல்லை. இல்லைட்டி. ஒண்ணும் நேரலை... சரி... சரி, வச்சிரு.

...

பொம்பளைப் பிள்ளையாம். மூச்சு தானா விடுதாம். இன்னும் ரெண்டு நாள் பாக்கணுமாம்.

எப்சி அம்மாகிட்டச் சொல்லிக் கேக்கச் சொல்லியிருக்கா, அப்பா ஏதும் நேர்ந்துக்கிட்டாங்களான்னு. அஞ்சு வருஷம் கழிச்சு என்கிட்டக் கேக்குற முதல் கேள்வி இது. இல்லைன்னு சொல்லிட்டேன். நீங்களும் கேட்டீங்கள்லா, இல்லைன்னு சொன்னதை?

அது பொய்யா நிசமான்னு எனக்கே தெரியலை அண்ணாச்சி. காலையில போன் வந்ததும் குரும்பூர் பஸ் ஸ்டாப்புல நின்னு ஆரம்பிச்சுட்டேன். "ஆண்டவரே, இந்தப் பிள்ளையைப் பிழைக்க வச்சீருன்னா..." அவ்வளவுதான். அதுக்கு மேல வரலை. எதைச் சொல்ல? கடை தம்பி மகன்கிட்ட. முடி, எனக்கு ஏற்கெனவே வழுக்கை. பிள்ளையைச் சொல்லலாம்னா, அது என் பிள்ளை இல்லையே. வாயைத் திறந்துக்கிட்டு அப்படியே நிக்கேன், பஸ் வந்துட்டு. ஏறிட்டேன்.

பாதியில நிக்கிற பொருத்தனை செல்லுமா, செல்லாதா? அதுக்கு மோசே ஏதாவது வச்சிருப்பாரு, வைக்காம இருக்க மாட்டாரு. எனக்கு ஞாபகத்துக்கு வரலை. எப்சிக்குத் தெரியும். அவகிட்டத்தான் கேக்கணும். எப்படி ஆரம்பிக்க, அதுதான் தெரியலை. பிள்ளை எப்படி இருக்குன்னு முதல்ல கேப்பேன். பிறகு மெதுவா.

பாளையங்கோட்டை வந்துட்டு. நான் முன்னால போய் நிக்கேன், இவன் சரியா நிறுத்த மாட்டான். என்ன தேடுதீங்க, பையா? பை கொண்டாரலை அண்ணாச்சி. வழியில பழமாவது ஆர்லிக்ஸாவது வாங்கணும்னு நினைச்சிருந்தேன். கர்த்தர் சன்னிதிக்கு வெறுங்கையோட வரக் கூடாதுன்னு சட்டம், எனக்கு அது எங்க போனாலும் ஞாபகம் வரும். பியூலா இப்பம் போன்ல கடைசியா அதைத்தான் சொன்னா. "ஒண்ணும் வாங்காண்டாம், ஒண்ணும் கொண்டாராண்டாம், நீங்க சும்மா வந்தாப் போதும்னு எப்சி சொல்லுதா"ன்னா.

சும்மா வரணுமாம்.

வாறேன் அண்ணாச்சி. இந்தக் கை ரெண்டையும் என்ன செய்யன்னுதான் தெரியலை.